வேலூரில் ஒரு வெளிநாட்டுக் கல்வி கன்சல்டன்சி: ஜெர்மனியில் ஒன்பது வாரங்கள் கழித்து எழுதும் மதிப்புரை

குடியாத்தத்தில் வளர்ந்து வேலூரில் பொறியியல் முடித்த நான், 2025 செப்டம்பர் 27 அன்று முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். என்னை அனுப்பிவைக்கும் பொறுப்பை அப்பா வேலூரில் உள்ள ஒரு கன்சல்டன்சியிடம் ஒப்படைத்திருந்தார். கட்டணம் 60,000 ரூபாய். பல்கலைக்கழகத் தேர்வு, விண்ணப்பம், விசா, காப்பீடு, தங்குமிடம் ஆகியவற்றோடு "போய்ச் சேர்ந்த பிறகு மூன்று மாத உதவி" என்பதும் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜெர்மன் மொழி வகுப்புக்குத் தனியாக 24,000 ரூபாய் கட்டினோம். விசா கைக்கு வந்த நாளில் அவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார்கள். போட்டேன். இப்போது அதைத் திருத்தி எழுதுகிறேன், ஏனென்றால் இத்தகைய சேவையின் தரம் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டில் தெரிவதில்லை. பிள்ளை போய் இறங்கிய பிறகு வரும் ஐந்தாறு வாரங்களில்தான் தெரிகிறது. மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. என்னோடு படிக்கும் வேறு ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் மையங்களைப் பற்றி இதே கதையைத்தான் சொல்கிறார்கள் என்பதால், இங்கே நான் சொல்வதை நீங்கள் எந்த மையத்தில் போய் உட்கார்ந்தாலும் கேள்வியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் அவர்கள் சரியாகச் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்க வேண்டுமானால், 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். நம் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவைதாம் என்று சரிபார்த்துத் தரும் சான்று அது. அந்த விண்ணப்பத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தாலும் வாரக்கணக்கில் இழுக்கும் என்று பலர் பயமுறுத்தியிருந்தார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்ததை அந்த மையத்தின் பெண் ஊழியர் ஒருவர் முதல் நாளே கண்டுபிடித்து, நோட்டரி கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மருத்துவக் காப்பீட்டையும் ஒழுங்காகவே முடித்தார்கள். பயண நாட்களுக்கு ஒரு காப்பீடு, அக்டோபர் 1 முதல் இங்குள்ள பொதுக் காப்பீடு என்று இரண்டையும் இடைவெளி இல்லாமல் இணைத்திருந்தார்கள். காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் தகவல் அனுப்பிவிட்டதால் என் சேர்க்கை தடையின்றி நடந்தது.

எல்லாவற்றையும் விட மேலானது ஜெர்மன் வகுப்பு. ஆசிரியை ஒருநாள் நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவந்து, கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் மேசைமேல் பரப்பி, எங்களில் ஒருவரைக் கடைக்காரராகவும் மற்றவர்களை வாங்க வந்தவர்களாகவும் நிற்கவைத்து இரண்டு மணி நேரம் பேசவைத்தார். ஜெர்மனியர் இருபத்தொன்றை "ஒன்றும் இருபதும்" என்று தலைகீழாகச் சொல்வார்கள். அது பழக வேண்டும் என்பதற்காக வேலூர்ப் பேருந்துகளின் எண்களையெல்லாம் அந்த முறையில் சொல்லச் சொன்னார். இங்கே கடையில் முதல் நாள் விலை சொன்னபோது என் காது தடுமாறவில்லை. அரசு அலுவலகச் சாளரத்தில் எதிரே இருந்தவர் ஆங்கிலம் பேசாதபோது எனக்குக் கைகொடுத்தது அந்த மேசைமேல் பரப்பிய கத்தரிக்காய் வகுப்புதான். வகுப்புக்கு மட்டும் நட்சத்திரம் போட இடமிருந்தால் ஐந்தையும் தயங்காமல் கொடுப்பேன்.

பல்கலைக்கழகத் தேர்வில்தான் என் மனத்தாங்கல் தொடங்குகிறது. முதல் சந்திப்பில் எங்கள் முன் வைத்தது முழுக்கத் தனியார் கல்வி நிறுவனங்களின் பட்டியல். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டணம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை; ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சிறு தொகை மட்டுமே கட்ட வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் அதைவிடக் கூடுதலாக வாங்குகிறது. இவையெல்லாம் விதிவிலக்குகள். இந்த விவரத்தை என் கல்லூரிச் சீனியர் ஒருவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். மையத்தில் கேட்டபோது, "அங்கெல்லாம் இடம் கிடைப்பது கஷ்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பிடிவாதமாக நின்ற பிறகே ஊனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையம் வழியாக நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். அதற்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இரண்டில் இடம் கிடைத்தது. அப்பா செய்வது கைத்தறி லுங்கி வியாபாரம். அன்று நான் தலையாட்டியிருந்தால் வங்கிக் கடன் இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

அடுத்தது, மூட்டை கட்டுவதற்கு என்று அவர்கள் கொடுத்த பட்டியல். மூன்று பக்கம். அதில் "நெய் 1 கிலோ, பால்கோவா, கறிவேப்பிலை" என்று அச்சிட்டே கொடுத்திருந்தார்கள். அம்மா ஒரு வாரம் வெண்ணெய் சேர்த்து, காய்ச்சி, இறக்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டுப் பொரியவிட்டு, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி, மூடிக்கு மேல் டேப் சுற்றி, அதற்கும் மேல் என் பழைய துப்பட்டாவைச் சுற்றி வைத்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியோ பால்பொருளோ கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் படம் போட்டு எழுதிவைத்திருந்த பலகையைப் பார்த்துத்தான் எனக்கு இது தெரிந்தது. மறைத்துக்கொண்டு போக மனம் வராமல், சுங்க அலுவலரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். துப்பட்டாவைப் பிரித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டிலை மட்டும் எடுத்து ஒரு நீலப் பெட்டிக்குள் வைத்தார். அந்தத் துப்பட்டாவில் நெய் வாசனை நான்கு நாட்கள் இருந்தது. அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. பிள்ளைகளை அனுப்புவதையே தொழிலாகச் செய்பவர்கள், விமான நிலையப் பலகையில் எழுதியிருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியல் அச்சிடுவது எனக்கு மன்னிக்க முடியாததாகத் தோன்றுகிறது.

பொடி வகைகளுக்குத் தடை இல்லை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வறுத்து அரைத்த கறிவேப்பிலைப் பொடி மூன்றும் என்னோடு பத்திரமாக வந்து சேர்ந்தன. பட்டியலில் இல்லாமல் அப்பா தாமாக ஆம்பூரில் வாங்கிக்கொடுத்த தோல் காலணி, அக்டோபர் மழையில் இரண்டு மாதம் உழைத்தும் தையல் விடவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த மதிப்புரையை எழுதவைத்த காரணம். இங்கே வந்த மாணவரின் முதல் வாரங்கள் ஒரு சங்கிலியைப் போன்றவை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அன்மெல்டுங் என்று பெயர். அந்தப் பதிவுக்கு, "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டு உரிமையாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பதிவுச் சான்று இருந்தால்தான் நான் தேர்ந்த வங்கியில் கணக்குத் தொடங்க முடியும். அந்தக் கணக்கு இருந்தால்தான் பிளாக்டு அக்கவுண்டில் நாம் முன்கூட்டியே போட்டுவைத்த பணம் மாதாமாதம் வெளியே வரும். வரி எண் தபாலில் வருவதும், குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் அதே பதிவைச் சார்ந்தவையே. முதல் கண்ணி அறுந்தால் மற்ற எல்லாம் அப்படியே நின்றுபோகும். பதிவு, வங்கி, பணம் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் கன்சல்டன்சியில் தனித்தனியாகச் சொன்னார்கள். ஆனால் ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

எனக்கு முதல் கண்ணியே அறுந்தது. அவர்கள் ஏற்பாடு செய்த அறை ஒரு மாதத்துக்கு 480 யூரோ, ஊரிலிருந்தே கட்டிவிட்டோம். நான் வந்து இறங்கியது சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் திறப்பதில்லை என்பதையும் யாரும் சொல்லாததால், ரயில் நிலையத்தில் வாங்கிய ரொட்டியில் இட்லிப் பொடியைத் தூவி இரண்டு வேளையை ஓட்டினேன். அக்டோபர் 2, வியாழக்கிழமை காலை, முன்பதிவு செய்திருந்த நேரத்தில் நகர அலுவலகத்துக்குப் போனேன். கன்சல்டன்சி கொடுத்த பச்சைக் கோப்பில் பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம், காப்பீடு, அறைக்குப் பணம் கட்டிய ரசீது என எல்லாம் வரிசையாக இருந்தன. சாளரத்தில் இருந்த அம்மையார் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்து இடதுபக்கம் அடுக்கினார். கடைசித் தாளுக்குப் பிறகும் கையை நீட்டியபடியே இருந்தார். நான் கோப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் ஒரு சீட்டில் "வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்" என்ற நீண்ட சொல்லை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, என் தாள்களின் மேல் வைத்துத் திருப்பித் தந்தார். உரிமையாளர் கையெழுத்திடும் அந்தப் படிவத்தின் பெயர் அதுதான். அந்தச் சீட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

அறையின் உரிமையாளரைக் கேட்டேன். குறுகிய காலத் தங்கலுக்கு விடும் அறை இது, இதற்கு அந்தச் சான்று தருவதில்லை என்று மறுத்துவிட்டார். இத்தகைய அறைகள் பலவற்றில் இதுதான் நிலைமை என்று இங்குள்ள மாணவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் அக்டோபர் 3, ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள் விடுமுறை. அலுவலகம், வங்கி, கடை எல்லாம் மூடியிருந்தன. "மூன்று மாத உதவி" என்ற வாட்ஸ்அப் குழுவில் காலையில் எழுதினேன், மாலையில் எழுதினேன், திங்கட்கிழமையும் எழுதினேன். அப்போது நமக்கும் இவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நான் வேலைகளை முடித்துக்கொண்டு போனை எடுக்கும் நேரத்தில் வேலூரில் அலுவலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். அக்டோபர் 26 அன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு வித்தியாசம் நான்கரை மணி நேரம் ஆயிற்று, நிலைமை இன்னும் மோசமானது. ஐந்தாம் நாள் வந்த பதில் இது: "அங்கே சீனியர்ஸ் யாரையாவது கேட்டுப் பாருங்கள்." சீனியரைக் கேட்பதற்கு 60,000 ரூபாய் எதற்கு என்று நான் அன்று திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

சீனியர்தான் காப்பாற்றினார். ஆம்பூரைச் சேர்ந்த ஓர் அக்கா, இரண்டாம் ஆண்டு மாணவி, என்னைக் கையோடு அழைத்துப்போய் மாணவர் நலக் கழகத்தின் விடுதியில் விண்ணப்பிக்கவைத்தார். பதிவுக்கு வேண்டிய அந்தப் படிவத்தை அங்கே கட்டாயம் தருவார்கள். வாடகையும் குறைவு. இந்த விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த உடனேயே விண்ணப்பித்திருக்கலாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் "விசா வரட்டும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இரண்டு மாதங்களைக் கன்சல்டன்சியில் கடத்திவிட்டிருந்தார்கள். வேறொரு மாணவர் வராமல் போனதால் அக்டோபர் 18 அன்று எனக்கு அறை கிடைத்தது. 23 அன்று முகவரியைப் பதிவு செய்தேன். அதே அம்மையார். இந்த முறை கையை நீட்டுவதற்கு முன்பே படிவத்தை மேலே வைத்துக் கொடுத்தேன்.

பணத்தின் கதையையும் சொல்ல வேண்டும். பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ, நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய், போட்டுவைத்தோம். அதிலிருந்து மாதம் 992 யூரோ வெளிவரும். "பணம் மாதம் பிறந்ததும் வந்துவிடும், கையில் 200 யூரோ இருந்தால் போதும், பாரெக்ஸ் கார்டு வீண் செலவு" என்று ஆலோசகர் சொன்னார். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்துச் செலவழிக்கும் அட்டை அது. அப்பாவுக்கு அது மனதில் ஒட்டவில்லை. "ஊர் தெரியாத எடத்துல கையில காசு இல்லன்னா வாய்ல பேச்சும் வராதும்மா" என்று சொல்லி, கார்டு எடுத்து 600 யூரோ போட்டுக் கொடுத்தார். என் முதல் 992 யூரோ வெளியே வந்தது நவம்பர் இரண்டாம் வாரத்தில். அதற்குள் விடுதிக்கான முன்பணம், முதல் வாடகை, தட்டு முட்டுச் சாமான், ஒரு பழைய குளிர்ச்சட்டை என்று எல்லாவற்றையும் அந்தக் கார்டுதான் தாங்கியது. நடுவில் ஒருமுறை அப்பா குடியாத்தத்திலிருந்து மீண்டும் பணம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆறு வாரத்துக்கு வேண்டிய பணம் கையில் இல்லாமல் யாரும் விமானம் ஏற வேண்டாம்.

"இரண்டாம் வாரமே பகுதிநேர வேலை கிடைக்கும்" என்றும் சொல்லியிருந்தார்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்பதும், 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது வங்கிக் கணக்கும் வரி எண்ணும். இரண்டும் என்னிடம் நவம்பரில்தான் இருந்தன. ஜெர்மன் ஓரளவு பேசுபவர்களுக்கே கடைகளில் இடம் கிடைக்கிறது. முதல் ஆறு மாதச் செலவை வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

ஒன்பதாம் வாரத்தில் அறைக்கு ஒரு கடிதம் வந்தது. வானொலி, தொலைக்காட்சிக்கான பொதுக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. என்னிடம் தொலைக்காட்சியே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், இந்த முறை வியக்கத்தக்க வேகத்தில் பதில் வந்தது: "கண்டுகொள்ள வேண்டாம், எல்லோருக்கும் வரும்." இது ஆபத்தான பதில். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் அந்தக் கட்டணம் உண்டு. கட்டாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஆள் கணக்கில் இல்லை, வீட்டுக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். நாங்கள் மூன்று பேர் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டு ஒரே குடியிருப்பில் இருப்பதால், ஒருவர் பெயரில் கட்டி மூவரும் பிரித்துக்கொள்கிறோம்.

நவம்பர் கடைசியில் அப்பா அந்த மையத்துக்கு நேரில் போனார். நான் எழுதி அனுப்பியிருந்த இரண்டு பக்கக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொன்னாராம். உரிமையாளர் வருத்தம் தெரிவித்தார். தங்குமிட ஏற்பாட்டுக்கென்று வாங்கிய 6,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். நெய்யைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் போட நினைத்திருந்த இரண்டு நட்சத்திரத்தை மூன்றாக்கியிருக்கிறேன். ஆனால் விடுதிக்கு எப்போது விண்ணப்பிப்பது, அறையின் உரிமையாளர் பதிவுக்கான படிவம் தருவாரா, இங்கே இறங்கிய பிறகு என் நேரப்படி மாலை ஆறு மணிக்கு யார் போனை எடுப்பார்கள் ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் தரும் வரை, தங்குமிடம் உட்பட்ட முழுத் தொகுப்பையும் யாரும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏபிஎஸ், விசா ஆவணங்களைச் சரிபார்க்க மட்டும் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அதற்குத் தாராளமாகப் போகலாம். ஆலோசகரிடம் தனியார் கல்லூரிப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், அரசுப் பல்கலைக்கழகங்களில் உங்கள் பாடம் எங்கெங்கே இருக்கிறது என்பதை ஒருமுறை நீங்களே தேடிப் பார்த்துக்கொண்டு போங்கள்.

என் சித்தி மகள் அடுத்த ஆண்டு இங்கே வரவிருக்கிறாள். அவளை அந்த ஆசிரியையின் ஜெர்மன் வகுப்பில் மட்டும் சேர்த்திருக்கிறோம். விடுதி விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்களை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ அழைப்பில் அவளோடு உட்கார்ந்து நான் பார்த்துக்கொடுக்கிறேன். சேர்க்கைக் கடிதம் வருகிற அன்றே அனுப்பிவிடுவோம்.